செல்களை உதிர்க்காமல் எடுப்பது

செல் கல்ச்சர், அதாவது ஆய்வகத்தில் செல் வளர்ப்பு, செய்கிறவர்களுக்கு டிரிப்சின் என்கிற என்சைம் கைப்பழக்கம். டிஷ்ஷில் ஒட்டி வளர்ந்த செல்களை எடுக்க வேண்டுமா, செல்கள் வளரும் திரவமான மீடியத்தை உறிஞ்சிவிட்டு டிரிப்சினை ஊற்றிச் சில நிமிஷம் இன்குபேட்டரில் வைத்து லேசாகத் தட்டினால் எல்லாம் உருண்டை உருண்டையாக மிதக்கும். எண்ணவும் அடுத்த டிஷ்ஷுக்கு மாற்றவும் அது போதும். திசு செய்கிற வேலைக்கு வந்த பிறகுதான் அந்த என்சைம் செய்கிற சேதம் எனக்கு உறைத்தது. செல்கள் நாள்கணக்கில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட இணைப்பு, தங்களுக்கு அடியில் தாங்களே சுரந்து விரித்த ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதம், எல்லாவற்றையும் அது வெட்டிவிடுகிறது. செல் மிஞ்சும், திசு மிஞ்சாது.

டோக்கியோவில் தெருவோ ஒகானோவின் குழு 1990-லேயே வேறு வழி காட்டியது. டிஷ்ஷின் பரப்பிலேயே ஒரு பாலிமரைப் பிணைத்தார்கள். சுமார் 32 டிகிரிக்கு மேல் அது தண்ணீரை விலக்கும், அதனால் 37 டிகிரி இன்குபேட்டரில் செல்கள் வழக்கம்போல ஒட்டி வளரும். அதற்குக் கீழே சூடு இறங்கினால் அதே பாலிமர் தண்ணீரைக் குடித்து விரியும், செல்களால் பிடித்துக்கொள்ள முடியாது. பூச்சின் தடிமன் ஏறக்குறைய 20 நானோமீட்டர்தான், அதற்கு மேல் போனால் செல்கள் ஒட்டவே ஒட்டாது.

டிஷ்ஷை வெளியே எடுத்து வைத்துவிட்டு மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது எனக்கு இன்னும் அலுக்கவில்லை. முதலில் ஓரம் கிளம்பும், மெதுவாக உள்பக்கம் மடியும், அப்புறம் முழுசும் ஒரே படலமாகக் கழன்று வரும். புதிதாக வருகிறவர்கள் சீக்கிரம் ஆகட்டும் என்று ஃபிரிட்ஜில் வைக்கப் பார்ப்பார்கள். கூடாது. பரப்பு விட்டுவிட்டால் மட்டும் போதாது, செல்களும் தங்கள் சக்தியைச் செலவழித்துச் சுருங்கி விலக வேண்டும், 4 டிகிரியில் அவை மந்தமாகிவிடும், 20 டிகிரிதான் தோது. அந்தச் சுருக்கமே அடுத்த தொல்லையும்கூட. கழன்ற படலம் அகலம் குறைந்து தடித்துப்போகும், ஆகவே கழல்வதற்கு முன்பே மேலே ஒரு மெல்லிய தாங்கிப் படலத்தை வைத்து அதோடு சேர்த்து எடுக்கிறோம்.

அடிப்புரதம் அப்படியே கூட வருவதால், இந்தப் படலத்தை நோயாளியின் கண்ணில் வைத்தால் தையல் இல்லாமலே ஒட்டிக்கொள்கிறது. நோயாளியின் வாய்க்குள்ளிருந்து எடுத்த செல்களை இப்படிப் படலமாக வளர்த்து, இரண்டு கண்ணிலும் கார்னியா (கண்ணின் முன்பக்கத்து ஒளிபுகும் திசு) பாதித்த 4 பேருக்கு வைத்துப் பார்வை மேம்பட்டதை 2004-இல் வெளியிட்டார்கள். ஒரு தையல் இல்லை! இதயத் தசைப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் தங்களுக்குள் இணைந்து ஒரே தாளத்தில் துடிக்கின்றன. டிரிப்சின் தொட்ட செல்களாக இருந்தால் அறுந்ததையெல்லாம் முதலில் அவை திரும்பக் கட்ட வேண்டியிருக்கும்.

தடிமன்தான் இன்னும் முட்டுக்கட்டை. ரத்தக்குழாய் இல்லாமல் மூன்று படலத்துக்கு மேல், அதாவது 80 மைக்ரோமீட்டர் வாக்கில், உள்ளே இருக்கிற செல்களுக்கு ஆக்சிஜன் எட்டுவதில்லை. மூன்று படலம் வைத்து, அதற்குள் ரத்தக்குழாய் ஊடுருவ ஓரிரு நாள் விட்டு, மேலே இன்னும் மூன்று என்று எலிகளில் 10 தடவை அடுக்கி 1 மில்லிமீட்டர் அளவுக்குத் துடிக்கும் தசையைக் கொண்டுவந்தார்கள். மனிதரை அத்தனை முறை அறுவைசிகிச்சைக்குப் படுக்கவைக்க முடியாது. அந்த ரத்தக்குழாய்களை டிஷ்ஷிலேயே வளர்த்தாக வேண்டும்.