ஏரிச் சேத்துல இருந்து வந்த பெட்ரோல்

பெட்ரோல்னாலே கடல்ல செத்த உயிரினம் மண்ணுல புதைஞ்சு வந்ததுன்னுதான் ஸ்கூல்ல படிச்ச நம்ம எல்லாருக்கும் மனசுல பதிஞ்சிருக்கு. ஆனா ராஜஸ்தான் பார்மர்ல 2004-ல கண்டுபிடிச்ச மங்களா எண்ணெய் வயலோட எண்ணெய், பழங்கால ஏரியோட அடிச்சேத்துல இருந்து வந்தது. சீனாவோட டாச்சிங்கும் அப்படித்தான், இந்தோனேசியாவுல சுமத்ரா மினாஸும் அப்படித்தான்.

இத சொன்னதும் ஆற்காட்டு மாமா, "அப்ப நம்ம காவேரிப்பாக்கம் ஏரியிலயும் தோண்டலாமாடா?"ன்னாரு. ரொம்ப நல்ல கேள்வி அது.

கோடையில ஏரி வத்தி வண்டல் அள்ளுற எடத்துல போயி பாருங்க, மேல வெடிச்சுப்போன சாம்பல் மண்ணு, மம்பட்டிய கொஞ்சம் ஆழமா போட்டா கருகருன்னு சேறு, அழுகுன முட்டை வாடை. அந்தக் கட்டிய எடுத்து வெளிய வெச்சா கொஞ்ச நேரத்துல கருப்பு போயி பழுப்பாயிடும், ஏன்னா காத்துல இருக்குற ஆக்சிஜன் உள்ள இருக்குற இரும்பு சல்ஃபைட மாத்திடுது. எண்ணெயா மாற வேண்டிய பாசியோட கொழுப்புக்கும் இதே கதிதான், வருஷா வருஷம் ஏரி காஞ்சு காத்து உள்ள போனா பாக்டீரியா எல்லாத்தையும் தின்னு தீத்துடும். எண்ணெய் ஆகணும்னா ஆப்பிரிக்காவுல இருக்குற டாங்கனிக்கா மாதிரி ஏரி வேணும், 1,470 மீட்டர் ஆழம், மேல ஒரு 200 மீட்டர் தாண்டிட்டா ஆக்சிஜனே கிடையாது. மேல் தண்ணியும் அடித் தண்ணியும் கலக்காம நிக்கணும், அதுக்கப்புறம் சேறு மேல சேறு விழுந்து சில கிலோமீட்டர் ஆழத்துக்குப் போயி 100 டிகிரிக்கு மேல சூடும் ஏறணும். வருஷா வருஷம் காயுற நம்ம ஊர் ஏரியில அதுக்கெல்லாம் வழியே இல்ல மாமா.

இப்படி ஏரிச் சேறு இறுகி ஆன பாறைங்கள எனக்கு ரொம்பப் பிடிக்கும், காரணம் பாசி. பாசியோட செல் சுவர்ல நீள நீளமான கார்பன் சங்கிலி, ஹைட்ரஜன் கொழிக்கும். அந்தப் பாறைய பொடி பண்ணி, எவ்வளவு எண்ணெய் தரும்னு அளக்குற ராக்-எவல் மெஷின்ல சூடு பண்ணா ஒரு கிராம் கரிமத்துக்கு 600 மில்லிகிராமுக்கு மேல ஹைட்ரோகார்பன் வரும், மரக்கட்டை வகைப் பொருளுக்கு 200 வர்றதே கஷ்டம். அந்த நீளச் சங்கிலிதான் எண்ணெயில மெழுகா வந்து நிக்குது. மங்களா எண்ணெய் சாதாரண சூட்டுலயே மார்கழி தேங்கா எண்ணெய் மாதிரி உறைஞ்சு போயிடும், அதனாலதான் குஜராத் வரைக்கும் சுமார் 670 கிலோமீட்டர் பைப்ப வழி நெடுக சூடாவே வெச்சிருக்காங்க. நல்ல தண்ணியில சல்ஃபேட் கம்மி, அதனால எண்ணெயில கந்தகமும் கம்மி.

பழைய ஏரி எப்படி இருந்துச்சுன்னு எண்ணெயிலயும் பாறையிலயும் தடயமா நிக்குற காமாசெரேன்ங்குற பொருள் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். தண்ணி ரெண்டு அடுக்கா நின்னா அந்த எல்லையில பாக்டீரியா தின்னு வாழுற சிலியேட்ங்குற ஒத்தச் செல் உயிரிங்க ஒரு பொருள உண்டாக்கும், அது கோடிக்கணக்கான வருஷம் கழிச்சு காமாசெரேனா மாறி, லேப்ல சோதிக்குறப்ப வர்ற கிராஃப்ல ஒரு பீக்கா தெரியும். நிறைய பேரு அந்த பீக் உசந்துட்டாலே உப்புத்தண்ணி ஏரின்னு எழுதிடுறாங்க, அது சரியில்லன்னு நான் அடிச்சு சொல்வேன். அது காட்டுறது தண்ணி அடுக்கா நின்னதத்தான், அடுக்கு உப்பால வந்திருக்கலாம், வெறும் சூட்டு வித்தியாசத்தாலயும் வந்திருக்கலாம், உப்புன்னு சொல்லணும்னா பக்கத்துல ஜிப்சமோ பாறை உப்போ இருக்கான்னும் பாத்துட்டு எழுதுங்க.