கத்திரி வெயிலில் சைக்கிள்: உப்பு, கூழ், கன்டெய்னர் லாரி

மே மாதத்தில் மூட்டை முடிச்சைக் கேரியரில் கட்டிக்கொண்டு சென்னையிலிருந்து வடக்கே சூலூர்பேட்டை, நெல்லூர் என்று சைக்கிளில் கிளம்புகிற எவரையும் ராயபுரம் தாண்டுவதற்குள் நாலு பேராவது நிறுத்தி விசாரிப்பார்கள். “இன்னாபா, பஸ்ஸு ஓடலயா?” என்பது முதல் கேள்வி. “இந்த வெயில்ல காஞ்சி கருவாடா ஆயிடுவ” என்பது அடுத்து வரும் ஆசீர்வாதம். மீன்பிடித் துறைமுகம் இருக்கிற காசிமேட்டுப் பக்கம் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது அநியாயம். கருவாடு ஆவதற்கு முதலில் காய வேண்டுமே! சட்டை, தலைமுடி, கையுறை என்று இங்கே எதுவும் காயாததுதான் வண்டி ஓட்டுகிறவரின் முழுப் பிரச்சினை.

பெடலை மிதிக்க உடம்பு செலவழிக்கிற சக்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் சக்கரத்துக்குப் போகிறது. மிச்சமெல்லாம் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்ற இருக்கும் பெரிய வழி வேர்வை ஆவியாவது: ஒரு லிட்டர் வேர்வை முழுக்க ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோய்விடும். மூக்கு நுனியிலிருந்து சொட்டித் தார் ரோட்டில் விழுகிற வேர்வைக்கோ அந்தக் கணக்கே கிடையாது. தண்ணியும் போச்சு, உப்பும் போச்சு, குளிர்ச்சி மட்டும் வரவில்லை. ஈரப்பதம் ஏறிய காற்றில் பாதி வேர்வை இப்படித்தான் வீணாகிறது.

ஆகவே காற்றுதான் மருந்து. மணிக்கு 20 கிலோமீட்டரில் போனால் அந்த வேகமே மேலே விசிறிவிடும். நின்றால் தொலைந்தோம். இது தெரியாமல் “கொஞ்சம் நின்னு ஆறிட்டுப் போலாம்” என்று எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கிற டிரெய்லர் லாரிக்குப் பக்கத்தில் ஒதுங்குவார்கள் பாருங்கள், அங்கேதான் வேடிக்கை. மேலே சூரியன், கீழே தார், வலது கன்னத்தில் லாரி எஞ்சினின் அனல். இரண்டே நிமிடத்தில் ஆள் தொப்பல். ரயில்வே கேட் மூடியிருந்தாலும் இதே கதி. நிற்கத்தான் வேண்டுமென்றால் லாரிகளை விட்டு விலகி, காற்று வருகிற பக்கம் பார்த்து, நிழலில் நிற்க வேண்டும். சட்டை ஜிப்பை இறக்கிவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிவிடுங்கள்.

இன்னொரு துரோகி பின்காற்று. மே மாதத்தில் காலையில் மேற்கிலிருந்து அனல் காற்று வரும். நண்பகலை ஒட்டிக் கடற்காற்று தென்கிழக்கிலிருந்து உள்ளே நுழையும். அது தாமதித்தால்தான் வெயில் 40-ஐத் தாண்டுகிறது. 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானதை ஊரே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது. சரி, கடற்காற்று வந்துவிட்டது, வடக்கே போகிறவருக்கு முதுகில் தள்ளுகிறது, கொண்டாட்டம் என்று நினைப்பீர்கள். காற்றும் நீங்களும் ஒரே வேகத்தில் போனால் உடம்பில் காற்றே படாது! வேகமாகவும் போவீர்கள், வெந்தும் போவீர்கள். எதிர்காற்றில் தொடை வலிக்கும், ஆனால் மேல் ஆறும்.

நேரக் கணக்கு எளிது. விடிகாலை நாலரைக்குக் கிளம்பிப் பத்து மணிக்குள் வண்டியை ஓரங்கட்ட வேண்டும். ராயபுரத்திலிருந்து சூலூர்பேட்டை சுமார் 80 கிலோமீட்டர். மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் போனாலும் அதற்குள் முடிகிற தூரம்தான். விடிகாலையில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், பிசுபிசுக்கும், ஆனால் வெயில் இல்லை. இரண்டு தொல்லையில் ஒன்று குறைகிறதே.

குடிப்பதில்தான் ஆளாளுக்கு வைத்தியம். இந்த வெயிலில் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் வரை வேர்த்துவிடும். வயிறு அவ்வளவையும் இழுக்காது. கால் மணிக்கு ஒருமுறை 150 முதல் 200 மில்லி வரை குடிப்பது உடம்புக்கு ஒத்துக்கொள்ளும். மிச்சத்தை நிற்கிற இடத்தில் ஈடுகட்டலாம். ஒரு லிட்டர் வேர்வையில் சராசரியாக ஒரு கிராம் சோடியம் போகிறது, அதாவது உப்புக் கணக்கில் இரண்டரை கிராம். இதை மறந்து வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராக ஊற்றிக்கொண்டால் ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போகும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு அரை டீஸ்பூன் உப்பு, ஆறு டீஸ்பூன் சர்க்கரை, எல்லாம் தலை தட்டி. ரத்த அழுத்தக்காரர்கள் டாக்டரைக் கேட்காமல் உப்பைக் கூட்டக் கூடாது.

எவ்வளவு வேர்க்கிறது என்று தெரிய, கிளம்பும் முன்னும் வந்த பின்னும் வெறும் உடம்போடு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் பாக்கி. 70 கிலோ ஆள் ஒன்றரை கிலோ இழந்திருந்தால் குடித்தது போதவில்லை. எடை கூடியிருந்தால் கூழ்க்கடையில் உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

கூழைப் பழிப்பதற்கில்லை. புளித்த கேழ்வரகு, நொய், மோர், உப்பு: கடையில் விற்கிற கலர் பானங்களில் இருக்கிற சரக்கு இதிலேயே இருக்கிறது, விலையும் குறைச்சல். தொட்டுக்க வெங்காயம், மாங்காய், மோர்மிளகாய். ஆபத்து கூழில் இல்லை, “ஒன்னியும் ஆவாது நைனா, இன்னொரு சொம்பு ஊத்தறேன்” என்கிற அக்காவின் அன்பில்தான். இரண்டு சொம்பு உள்ளே போனபின் குனிந்து ஹேண்டில்பாரைப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

ஐஸ் விஷயம். ஈரத் துண்டு கழுத்தில் வேலை செய்ய, அது காய வேண்டும், நின்றால் பயனில்லை. ஐஸுக்கு அந்தக் கவலை இல்லை, உருகினாலே சூட்டை இழுக்கும். கிலோவுக்கு 80 கிலோ கலோரிதான், ஆனால் எந்த ஈரப்பதத்திலும் நிச்சயம். பழைய சாக்ஸில் போட்டுப் பிடரியில் வைத்துக்கொள்ளலாம். மீன் ஐஸாக இருந்தால் வாய்ப்பக்கம் கொண்டுபோகாதீர்கள். பிடரிக்கு அது பரவாயில்லை. வாசத்துக்கு எதிரே வருகிறவர்கள் தாமாகவே வழிவிடுவார்கள்.

பஞ்சர் ஒட்டும்போதுதான் வேர்வை தன் முழு வேலையையும் காட்டும். ட்யூபை உப்புத்தாளில் தேய்த்து, பசை தடவி, அது மங்கும்வரை ஐந்து நிமிடம் காத்திருக்கும்போது, குனிந்த மூக்கிலிருந்து ஒரு சொட்டு சரியாகப் பசையின் நடுவில் விழும். அந்த ஒட்டு நிற்காது. துடைத்து, மறுபடி தேய்த்து, முதலிலிருந்து வர வேண்டும். நெற்றியில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆரம்பியுங்கள். இதே சொட்டுதான் ஹேண்டில் போல்ட்டுகளைத் துருப்பிடிக்க வைக்கிறது. போதாததற்குக் கடல் உப்பும் சேர்கிறது. மாலையில் ஈரத்துணியால் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். டயர் காற்றைப் பற்றிப் பயப்பட வேண்டாம்: 30 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கு அடித்தது 50 டிகிரியில் 86 ஆகும், நல்ல டயர் அதற்கெல்லாம் வெடிக்காது.

ஒன்று மட்டும் சிரிப்பில்லை. வெயிலில் புல்லரித்துக் குளிர் எடுத்தால் அன்றைய பயணம் முடிந்தது, நிழலில் படுக்க வேண்டும். பேச்சுக் குழறினால், ஆள் யாரென்று தெரியாமல் விழித்தால், உடனே 108. வண்டி வரும்வரை உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும்; கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ்.

தொடையிடுக்கு என்றதும் நினைவு வருகிறது: பஞ்சு வைத்த சைக்கிள் டவுசருக்குள் ஜட்டி போடக் கூடாது, வாசலின் தாராளமாகத் தடவலாம், பவுடர் வேண்டாம், அரைமணியில் மாவாகப் பிசைந்துவிடும். ராத்திரி துவைத்தால் இந்தப் புழுக்கத்தில் காலைக்குள் காயாது. ஈரத்தோடு போட்டால் படர்தாமரை உறுதி. காய்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி, இரண்டு பக்கமும் முறுக்கிப் பிழிந்து, ஃபேனுக்கு நேர் கீழே தொங்கவிடுங்கள். லாட்ஜில் ஏ.சி. ரூம் எடுத்தால் இன்னும் நல்லது. ஆளுக்கு எப்படியோ, டவுசருக்கு அது தேவை.