ப்ளாஸ்டர் பிரிக்கிற டூட்டி

ஜூன் 9, நைட்

கர்ப்பம் 28 வாரத்துலயே பொறந்த பேபி, எடை 1,040 கிராம். கையில வென்ஃப்ளான் (நரம்புல மருந்து ஏத்துற ஊசிக்குழாய்) அவுட், மாத்தணும், பக்கத்து வார்மர்ல வேற அலாரம் கத்துது, அந்த அவசரத்துல ப்ளாஸ்டரை விருட்டுன்னு இழுத்துட்டேன். தோலும் கூடவே வந்துடுச்சு. அரைப் புளியங்கொட்டை அளவுக்கு, செவப்பா, ஈரமா. குறைமாசப் பிள்ளைக்கு மேல்தோலும் அடித்தோலும் இன்னும் சரியா கோத்துக்கிட்டிருக்காது, அந்தப் பிடிப்பை விட ப்ளாஸ்டரோட பிடி பலம். படிச்சதுதான். பரீட்சையில எழுதி மார்க்கு கூட வாங்கினேன்.

ஜூன் 10

இன்சார்ஜ் சிஸ்டர் திட்டல, அதான் கஷ்டமா இருந்துச்சு. சலைன்ல கழுவி சிலிக்கான் டிரெஸ்ஸிங் போட்டாச்சு. பழக்கதோஷத்துல பெட்டாடைனை எடுக்கப் போனேன், கையைப் பிடிச்சுட்டாங்க, இவ்ளோ மெல்லிசு தோல் வழியா அயோடின் உள்ள போய் தைராய்டு வேலையைக் கெடுக்கும்னு. அப்புறம் ப்ளாஸ்டரை எப்படிப் பிரிக்கணும்னு காட்டினாங்க: வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச பஞ்சு, ஓரத்துலருந்து, ஒரு விரலால தோலை அமுக்கிக்கிட்டு, மேல தூக்காம தோலோட ஒட்டினாப்ல பின்னாடி மடிச்சுக்கிட்டே போகணும். எண்ணெய் வச்சா இன்னும் ஈஸி, ஆனா அப்புறம் அங்க எதுவும் ஒட்டாது. ஸ்பிரிட் கிட்டயே வரக்கூடாது. ரெண்டு நிமிஷ வேலை, நான் ரெண்டு செகண்ட்ல முடிச்சேன்.

ஜூன் 13

கங்காரு கேர்ல, பிள்ளையை மாரோட தோல் ஒட்ட அணைச்சு உக்காந்திருந்த அதே பாப்பாவோட அம்மா, "சிஸ்டர், மூக்கு நடுவுல செவந்தாப்ல இருக்கே"ன்னாங்க. லைட்டுல அப்படித் தெரியுதும்மான்னு சொல்லிட்டு சிபாப் ப்ராங்ஸை (மூச்சுக்கு அழுத்தமா காத்து குடுக்க மூக்குல வைக்கிற குட்டிக் குழாய்) எடுத்துப் பாத்தா ரெண்டு ஓட்டைக்கும் நடுவுல செவப்பு, அமுக்கினா வெளுக்கல. அதைப் பிடிச்சு வைக்கிற தொப்பி சைஸ் சின்னது, அது இழுத்து ப்ராங்ஸ் போய் நடுத்தண்டுல அமுங்கியிருக்கு, கொஞ்சம் இடைவெளி இருக்கணும். தொப்பி மாத்தி, மாஸ்க் போட்டாச்சு, இனிமே மாஸ்க்கும் ப்ராங்ஸும் மாத்தி மாத்தி. ரெண்டு மணி நேரம் முன்னாடி சார்ட்ல தோல் நல்லாருக்குன்னு டிக் அடிச்சது நான்தான்.

ஜூன் 17

இன்னிக்கி பிஐசியூ, அதாவது குழந்தைங்க ஐசியூ. வென்டிலேட்டர்ல ரெண்டு வயசுப் பையன், தலைக்கடியில கிளவுஸ்ல தண்ணி ஊத்தி வச்சிருக்காங்க, எந்தக் காலத்துப் பழக்கமோ. பெரியவங்களுக்கு இடுப்பு, குதிகால், இந்த வயசுக்கு தலைதான் கனம், அதனால பின்மண்டையில புண் வரும், அதுவும் முடிக்குள்ள ஒளிஞ்சுக்கும். வளையம் வச்சாலும் அமுக்கம் போகாது, ஓரத்துக்கு நகரும், அவ்ளோதான். கிளவுஸை எடுத்துட்டு ஃபோம் வச்சோம், ரெண்டு மணிக்கொரு தடவை தலையைத் திருப்பி முடியை விலக்கிப் பாக்குறோம், அப்படியே ஆக்ஸிஜன் அளவு பாக்க விரல்ல மாட்டுற ப்ரோப்பையும் வேற விரலுக்கு. முதுகு ஒடியுது.

ஜூன் 20

பாப்பாவோட மூக்கு செவப்பு போயிடுச்சு. கைப்புண்ணும் மூடிடுச்சு, புதுத்தோல் பளபளன்னு. தழும்பு விழுமா சிஸ்டர்னு அம்மா கேட்டாங்க. விழாதுன்னு நெனைக்கிறேன்னேன், அப்புறம் மனசு கேக்கல, "நான்தாம்மா அன்னிக்கி இழுத்தது"ன்னு சொல்லிட்டேன்.

"தெரியும் சிஸ்டர், கண்ணாடி வழியா பாத்துட்டுதான் இருந்தேன்."

எடை 1,110.