சிபாரிசுக் கடிதத்துக்கு நாலு நடை

பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

மதுரையில் நடக்கும் தலைமைத்துவப் பயிற்சி. வேதம் (பைபிள்), சூழலியல், பால்புதுமையர் (queer) வாழ்வு மூன்றையும் சேர்த்துப் படிப்பது. விண்ணப்பம் ஆன்லைனில் பத்து நிமிடம். கட்டுரையும் சிரமமில்லை: ஐப்பசி மழைக்கு முன்னால் குளத்தங்கரையில் பனங்கொட்டை ஊன்றியது, பாபநாசத்தில் ஆற்றில் விட்ட துணிகளை இழுத்துப் போட்டது. (மணலேறிய வேட்டி பாறைக்கடியில் சிக்கினால் ரெண்டு பேர் இழுத்தாலும் அசையாது.) வாசிக்கச் சொன்ன பகுதி அப்போஸ்தலர் 8. நம் பழைய மொழிபெயர்ப்பில் 'மந்திரி' என்றே வாசித்துப் பழகிய எத்தியோப்பியர், மூலத்தில் அண்ணகர், அதாவது ஆண்மை நீக்கப்பட்டவர்!

சிக்கல், சேகர குரு, அதாவது எங்கள் சபை ஐயர், தரவேண்டிய சிபாரிசுக் கடிதத்தில்.

முதல் நடை வீண். அன்றைக்கு அசனம் (கோயில் விருந்து), ஐயரை நெருங்க முடியவில்லை, சோறு தின்றுவிட்டுத் திரும்பினேன். இரண்டாம் நடையில் எழுத்தர் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டி, "இந்தப் பேர்ல இங்க யாருமே இல்லியே" என்றார். ஓய்வுநாள் பள்ளியில் எனக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். மூன்றாம் நடையில் கடிதம் தயார். பழைய பெயர், "நற்சாட்சி பெற்ற வாலிபன்", அழுத்தமாக ஒரு சீல்.

என் தப்பும் உண்டு. கலெக்டர் தந்த திருநங்கை அடையாளச் சான்றிதழை வீட்டிலேயே விட்டுப் போயிருந்தேன். 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி அரசு ஆவணங்களில் பெயர் மாற்ற அது உதவும். சபைப் பதிவேட்டைத் திருத்தக் கேட்டால் கமிட்டி, தீர்மானம் என்று இழுப்பார்கள். அதைக் கேட்காதீர்கள். 'ஞானஸ்நானப் பெயர் இன்னது, இப்போது அழைக்கப்படுவது இன்னது' என்று கடிதத்தில் ஒரே வரி போதும். வாசகத்தை நீங்களே எழுதிக்கொண்டு போங்கள்.

நாலாம் நடைக்கு ரிட்டயர்டு உபதேசியாரைக் கூட்டிப்போனேன். எழுத்தர் மறுபடி பதிவேட்டைத் தொட்டதுமே அவர் ஐயரிடம் திரும்பினார்: "ஏசாயா 56ல அண்ணகன் தன்னைப் பட்டமரம்னு சொல்லப்படாதுன்னு இருக்குல்லா ஐயா? இவ வேற பனைமரம்லா வச்சிட்டு அலையுதா!"

ஐயர் சிரித்துவிட்டார். கடிதத்தைக் கையாலேயே எழுதினார். எழுத்தர் பேசாமல் சீல் வைத்தார்.

வெளியே வந்ததும் உபதேசியார் கேட்டார்: "ஏட்டி, பஸ்ஸுக்குத் துட்டு வச்சிருக்கியா?"

அதுவரைக்கும் என்னை 'ஏலே' என்றுதான் கூப்பிடுவார்.