பாலிப்பா, கேன்சரா?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'பாலிப்' (கர்ப்பப்பையின் உள்ளே வளரும் சதை) என்று இருந்தால் போதும், டாக்டர் அறையை விட்டு வெளியே வந்ததும் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்: "சிஸ்டர், கேன்சரா?"

பெரும்பாலும் இல்லை. மாதவிலக்கு இன்னும் வருகிறவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் அந்தச் சதையில் புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றமோ இருக்கும். நின்றவர்களுக்கு நூற்றுக்கு ஐந்து பேர் வரைகூட. நின்றபின் ரத்தம் பட்டால் தள்ளிப்போடவே கூடாது. சர்க்கரை, பிரஷர், உடல் பருமன் இருப்பவர்களையும், மார்பகப் புற்றுநோய்க்குத் தமோக்சிஃபென் மாத்திரை சாப்பிடுகிறவர்களையும் கூடுதலாகக் கவனிப்போம். முப்பது வயதுப் பெண் "பையையே எடுத்துடுங்க" என்று அழுவாள். அவளைத் தேற்றி அனுப்புவது சுலபம். வராதவர்கள்தான் பிரச்சினை.

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் ஒரு அம்மா. தீட்டு நின்று பல வருஷம். மாதக்கணக்கில் துணியில் கறை. "குனிஞ்சே கெடக்குறதுல சூடு புடிச்சிருச்சு தாயி" என்று வெந்தயத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அட்மிஷனுக்குத் தேதி சொன்னால், "அன்னைக்குப் பாசிக்குப் போகணுமே" என்கிறார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் அவர்களுக்குச் சம்பாத்தியம். இப்போதெல்லாம் காலண்டரில் பிறையைப் பார்த்துத்தான் தேதி போடுகிறேன். டாக்டருக்குச் சிரிப்பு; ஆனால் வந்துவிடுகிறார்கள்.

அவருக்கு ஹிஸ்டிரோஸ்கோபி, அதாவது கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது, செய்தபோது திரையில் பார்த்தேன். உப்புநீரில் விரிந்த பைக்குள், காம்போடு ஒரு இளஞ்சிவப்புச் சதை, ஆழமில்லாத கடலில் பாசி ஆடுவதுபோல ஆடியது. கேமரா இல்லாமல் சுரண்டினால் இது நழுவிப்போகும், இல்லை பாதி நின்றுவிடும். எடுத்ததை ஃபார்மலின் பாட்டிலில் போட்டு லேபிள் ஒட்டினேன்.

"அதான் எடுத்தாச்சுல்ல, இனி எதுக்கு டெஸ்ட்டு?" என்றார் மகன். நியாயமான கேள்விதான். ஆனால் வெறும் கண்ணால் பார்த்து இது நல்லது, இது கெட்டது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. செல்லைப் பார்த்தால்தான் தெரியும்.

பயாப்சியில், புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் என்று வந்தது. அந்த வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே வழக்கம், எடுத்தார்கள். அந்தப் பையையும் பரிசோதித்ததில் புற்றுநோய் இல்லை.

தையல் காட்ட வந்தபோது கூடவே கொழுந்தியாளையும் இழுத்து வந்திருந்தார். "இவளுக்கும் படுதாம், வாயத் தொறக்க மாட்டேங்குறா. பௌர்ணமிக்குள்ள பாத்து விட்டுரு தாயி."