முசுறும் பட்டுப்பூச்சியும்: இரண்டு பட்டையும் ஒப்பிட்டுப் பார்த்தேன்

நான் வளர்க்கும் பட்டுப்புழுக்கள் கூடு கட்டும் கட்டத்துக்கு வந்துவிட்டன. நான்கு முறை தோலுரித்து முடித்தவை இப்போது மல்பெரி இலையைத் தொடுவதில்லை. உடல் மஞ்சளித்து, ஒளி ஊடுருவுகிற மாதிரி ஆகி, தலையைத் தூக்கி இடம் தேடுகின்றன. இதே சமயம் மாமரத்தில், இலைகளைப் பட்டால் ஒட்டிக் கூடு கட்டும் எறும்பான முசுறும் புதுக்கூடு கட்ட ஆரம்பித்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

இரண்டிலும் பட்டு வருவது புழுப் பருவத்தில், கீழுதட்டுச் சுரப்பியிலிருந்துதான். வளர்ந்த எறும்பால் நூற்க முடியாது, அந்துப்பூச்சியாலும் முடியாது.

முசுறைக் கொஞ்சம் தள்ளி நின்றே கைபேசியில் பெரிதாக்கிப் படமெடுத்தேன். கடித்த இடத்தில் ஃபார்மிக் அமிலத்தையும் பீய்ச்சிவிடும். வேலைக்கார எறும்புகள் ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விச் சங்கிலியாகி, இரண்டு இலைகளை இழுத்து நெருக்கின. அப்புறம் ஒரு எறும்பு தாடையில் புழுவோடு வந்தது. புழு விறைப்பாக, அசையாமல் இருக்கிறது. எறும்பு அதன் தலையை ஒரு விளிம்பில் ஒற்றி, உணர்கொம்பால் தட்டி, எதிர் விளிம்புக்குக் கொண்டுபோகிறது. தறியில் நாடா ஓடுவதுபோல இப்படியே மாறி மாறி, வெள்ளைப் படலம் உருவாகும்வரை.

பட்டுப்புழுவோ தலையை எட்டு வடிவில் ஆட்டி ஆட்டித் தானே தன்னைச் சுற்றிக்கொள்கிறது. ஒரே இழை, 600 முதல் 1,500 மீட்டர் வரை. முசுறுப் புழுவுக்கு அப்படிச் சொந்தக் கூடு கிடையாது. வேறு பல எறும்பினங்களின் புழுக்கள் தமக்குக் கூடு நூற்கின்றன. இது தன் பட்டு முழுவதையும் வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வெற்றுடம்போடு கூட்டுப்புழுவாகிறது. இந்த ஒப்பீட்டில் என்னை அதிகம் உலுக்கியது இதுதான்.

பட்டுக்கூடு ஒன்றை வெந்நீரில் போட்டேன். உள்ளே இருப்பது செத்துவிடும் என்பதால் ஒன்றோடு சரி. செரிசின் பசை கரைந்து இழை பிரிந்து வந்தது. கைவிடப்பட்ட முசுறுக் கூட்டின் படலமோ கரையவுமில்லை, நூலாகப் பிரியவுமில்லை. புரத அமைப்பே வேறு: பட்டுப்புழுவினுடையது தட்டையான அடுக்குகள், முசுறினுடையது ஒன்றோடொன்று முறுக்கிய சுருள்கள்.

மீதிக் கூடுகளைப் பூச்சி வெளிவர விட்டுவைத்திருக்கிறேன். பெண் பூச்சி ஆணை ஈர்க்க வெளியிடும் பாம்பிகால், 1959இல் அடையாளம் காணப்பட்ட முதல் பூச்சி ஃபெரோமோன் (தன் இனத்துக்குச் செய்தி சொல்லும் வேதிப்பொருள்). பெண் உட்கார்ந்த காகிதத்தை மட்டும் ஆணுக்குப் பக்கத்தில் வைத்தால் சிறகடிக்கிறதா என்று அடுத்து பார்க்கவேண்டும்.