கணுக்கால் அளவுதானே?

தரைப்பாலத்தின் மேல் கலங்கல் தண்ணீர் ஓடுகிறது. பைக்கில் வந்தவர் ஒரு காலை ஊன்றிப் பார்க்கிறார். கணுக்கால்தான் நனைகிறது. கியரைத் தட்டுகிறார்.

அண்ணே, திரும்பிடுங்க.

அடுத்த பத்தடியில் ரோடு இருக்கிறதா, வெள்ளம் அரித்துவிட்டதா என்று அந்தக் கலங்கலில் யாருக்கும் தெரியாது. வேகமாக ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைச் சாய்த்துவிடும். 30 செ.மீ. சின்ன காரை மிதக்க வைக்கும். 60 செ.மீ. வந்தால் பெரிய வண்டியும் போய்விடும். கார் கனம்தான், ஆனால் உள்ளே முழுக்கக் காற்று. தண்ணீர் தூக்கியதும் டயருக்குப் பிடிமானம் இருக்காது, ஸ்டீயரிங்கைத் திருப்பி என்ன பயன்?

கார் மிதக்க ஆரம்பித்தால் கதவோடு போராட வேண்டாம். பெல்ட்டைக் கழற்றி, கண்ணாடியை உடனே இறக்கி, அந்த வழியாக வெளியேறுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் பவர் விண்டோ வேலை செய்யாமல் போகலாம்.

இடிக்கும் இதே அவசரம்தான். மின்னலடித்து 30 விநாடிக்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது. கட்டடத்துக்குள் போங்கள், மரத்தடிக்கு அல்ல. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் உள்ளேயே இருங்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. மூச்சில்லை என்றால் ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, நடு நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருங்கள்.